ப்ரீ எக்லாம்ப்சியா: எந்த ரத்தப் பரிசோதனை எப்போது?

கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறி, தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாகும் நோய் ப்ரீ எக்லாம்ப்சியா. அதன் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் சரியாகப் போகாதபோது அது எஸ்ஃபிளிட்-1 என்ற புரதத்தைத் தாயின் ரத்தத்தில் அளவுக்கு மீறி விடுகிறது. ரத்தக் குழாய்களைப் பேணும் பி.எல்.ஜி.எஃப். புரதத்தை அது பிடித்து முடக்கிவிடும். ஒன்று ஏற, இன்னொன்று இறங்கும். சந்தையில் உள்ள பரிசோதனைகள் பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் அளக்கின்றன.

முதலில் இரண்டின் விகிதம், அதாவது எஸ்ஃபிளிட்-1 அளவை பி.எல்.ஜி.எஃப். அளவால் வகுத்தால் வருவது. கர்ப்பம் 20 வாரம் தாண்டிய பிறகு ரத்த அழுத்தம் லேசாக ஏறி, தலைவலியும் வந்து, நோயா இல்லையா என்று டாக்டர் குழம்பும் நேரத்துக்கானது இது. 2016இல் வெளியான புரோக்னோசிஸ் ஆய்வின்படி, விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்கு நோய் வராது என்று 99.3 சதவீதம் நம்பலாம். ஆனால் 38ஐத் தாண்டியவர்களில் நான்கு வாரத்துக்குள் நோய் வந்தது 36.7 சதவீதம் பேருக்குத்தான். ‘இல்லை’ என்றால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ‘ஆம்’ என்றால் இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பி.எல்.ஜி.எஃப். மட்டும் பார்ப்பதும் உண்டு. மில்லிலிட்டருக்கு 100 பிக்கோகிராமுக்குக் கீழே குறைவு, 12க்குக் கீழே மிகக் குறைவு. பிரிட்டனில் நடந்த பாரட் ஆய்வில் (2019), இந்த முடிவை டாக்டர்களிடம் காட்டியபோது நோயை உறுதிசெய்ய ஆன நேரம் 4.1 நாளிலிருந்து 1.9 நாளாகக் குறைந்தது.

ஆனால் இரண்டுமே நோய் வாசலுக்கு வந்த பிறகு பார்ப்பவை. தடுக்க வேண்டுமானால் 11 முதல் 13 வாரத்திலேயே பார்க்க வேண்டும். அங்கே பி.எல்.ஜி.எஃப். தனியாக நிற்காது, ரத்த அழுத்தமும் கருப்பைத் தமனியின் ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேனும் சேர வேண்டும். 2017இன் ஆஸ்ப்ரி ஆய்வு, இப்படி அபாயம் அதிகம் என்று தெரிந்தவர்களுக்குத் தினமும் இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தது. 37 வாரத்துக்கு முன்பு பிரசவம் ஆகவேண்டிவரும் ப்ரீ எக்லாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆக இறங்கியது. 37 வாரத்துக்குப் பிறகு வருவதை மட்டும் ஆஸ்பிரின் அசைக்கவில்லை. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் என் ஓட்டு இதற்கே: முடிவு வந்ததும் கையில் ஒரு மருந்து இருக்கிறது.

அப்புறம் ஆர்.என்.ஏ., அதாவது மரபணுக்களின் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு. தாயின் ரத்தத்தில் மிதக்கும் ஆர்.என்.ஏ. துணுக்குகளைப் படித்து, அறிகுறி தெரிவதற்குப் பல வாரம் முன்பே அபாயத்தைச் சொல்ல முடியும் என்று 2022இல் நேச்சர் இதழின் இரண்டு கட்டுரைகள் காட்டின. ஆசைகாட்டும் தொழில்நுட்பம்தான். ஆனால் அபாயம் என்று அது சொன்னாலும் கொடுக்கப்போவது அதே ஆஸ்பிரின். அழுத்தம், டாப்ளர், பி.எல்.ஜி.எஃப். கூட்டணி தவறவிடுகிறவர்களை அது பிடித்துக் காட்டினால்தான் கூடுதல் செலவுக்கு நியாயம் இருக்கும்.