முதல் காசு எதுக்கு: சைலன்சருக்கோ, பிரேக்குக்கோ?

ஒரு பல்சர் என்எஸ் 200 பைக், கையில் கொஞ்சக் காசு, ரேஸ் ட்ராக்கில் ஓட ஆசை. எங்கட பெடியள் முதலில் கை வைக்கிறது சைலன்சரில்தான். பருத்தித்துறை வீதியால் போறவன் திரும்பிப் பார்ப்பான், உண்மை. ஆனால் 199.5 சிசி எஞ்சினில் சைலன்சரை மட்டும் மாற்றிக் கிடைக்கிற பலம் சொற்பம். எரிபொருள் கலவையைச் சரிசெய்யாவிட்டால் அதுவும் இல்லை.

மற்றப் பக்கம் பிரேக்கும் ரயரும். ட்ராக்கில் வளைவுக்கு வளைவு இறுக்கிப் பிடிக்க, பிரேக் எண்ணெய் கொதிநிலையை நெருங்கும். டொட் 4 (DOT 4) எண்டு தரம் போட்ட புது பிரேக் எண்ணெய் குறைந்தது 230 பாகை செல்சியஸ் தாங்கும். ஈரம் உறிஞ்சினால் அந்த எல்லை 155க்கு இறங்கலாம். கொதித்துக் குமிழி வந்தால் லீவர் பஞ்சு மாதிரிக் கைபிடி வரை வரும். எனக்கு வந்தது, புல்லுக்குள் போய்த்தான் நின்றேன். வீட்டுக்கு வந்து பிரேக்கில் எண்ணெய் இறக்கிற நிப்பிளில் ரியூப் கொழுவி எண்ணெயைக் கழற்றினால், போத்தலில் இறங்கினது சாயம் கூடின பிளேன்ரீ.

மென்மையான ரயர் கெதியாய்த் தேயும், அந்தச் செலவு குத்தும்தான். எண்டாலும் வளைவில் பிடிக்கிறது அதுதானே.

ட்ராக்குக்காகக் கண்ணாடி கழற்றச் செலவே இல்லை. எஞ்சின் எண்ணெய் போல்ட் கழராமல் கம்பியால் கட்டவும் பெரிய செலவில்லை. சைலன்சர் காசைக் களுத்துறைப் பக்கம் இருக்கிற கட்டுக்குருந்தை ரேஸ் ட்ராக்குக்கு பைக்கை ஏற்றிப்போற வாகனக் கூலிக்கு வையுங்கோ. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கே கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், அது இன்னும் தெற்கே.