நாகர்கோவில்ல ஜெயிலர் எக்ஸாம் கோச்சிங்: சனிக்கிழமை கிளாஸுக்கு மட்டும் 5க்கு 5

சென்டர் பேரு இப்பம் சொல்லல, ஏன்னா ஃபீஸ்ல பாதிய திருப்பித் தாறோம்னு வாய் வார்த்தையா சொல்லிருக்காங்க, அது மொதல்ல கைக்கு வரட்டும். வடசேரில இருந்து செட்டிகுளம் வரைக்கும் நடந்தா நாலு மாடிப்படிக்கு ஒரு கோச்சிங் போர்டு தொங்கும்லா, அதுல ஒண்ணுன்னு வச்சுக்கோங்க.

எதுக்கு ஜெயிலர் வேலைன்னு வீட்டுல எல்லாரும் கேட்டு முடிச்சாச்சு, பொம்பளப்புள்ளைக்கு வேற வேலையா இல்லன்னு பெரியம்மை இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்காங்க. எங்க சித்தப்பா ஒரு எல்லைக்கல் தகராறுல 15 நாள் ரிமாண்ட்ல கெடந்தாரு, அப்பம் மனு பாக்க சித்தி கூட போனேன். மனு பாக்குறதுன்னா உள்ள இருக்குறவங்கள போய் பாக்குறது, ஜெயில் பக்கம் அதுக்கு அதுதான் பேரு. சித்தி ஏத்தம்பழமும் மிக்சரும் கட்டிக்கிட்டு வந்திருந்தா, அது உள்ள போவாதுன்னு யாரும் சொல்லித் தரல, வெயில்ல நின்னு அழுதுட்டு இருந்தா. மேசைல இருந்த ஒரு ஆபீசர் அம்மா, சத்தம் போடாம, "நிழல்ல இருங்கம்மா, பேரு கூப்பிடும்போ வந்தா போதும்"னாங்க. அவ்ளோதான். வரிசைல நின்ன அத்தன பேரும் அப்படியே அடங்கிட்டாங்க. அந்த நாற்காலில யாரு இருக்காங்கங்கிறது எவ்ளோ பெரிய விஷயம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, சரி நாமளும் பாப்போம்னு சேந்தேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன வெளக்கம், ஏன்னா சென்டர்ல போன் எடுக்குற அக்காவுக்கே இது தெரியல. ஜெயிலர், உதவி ஜெயிலர் ரெண்டும் டிஎன்பிஎஸ்சி, ரெண்டுக்கும் சேத்து ஒரே நோட்டிபிகேஷன்ல வரும், ஒரு டிகிரி வேணும், 2022-ல வந்தப்போ மொத்தமே 59 போஸ்ட் தான். ரெண்டாம் நிலை சிறைக்காவலர், அதாவது வார்டர், அது சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், போலீஸ் கான்ஸ்டபிள், ஃபயர் சர்வீஸ் கூட சேத்து எடுப்பாங்க. ரெண்டும் வேற வேற சிலபஸ், வேற வேற வேலை. இவங்க என்னடான்னா ரெண்டையும் ஒண்ணா சேத்து ஜெயில் பேட்ச்னு ஒரு பேரு வச்சு 12,000 ரூபா ஒரே தவணைல வாங்குனாங்க, 30 பேருக்கு மேல சேக்க மாட்டோம்னு சொன்ன பேட்ச்ல நான் எண்ணிப் பாத்தப்போ 52 பேரு.

என் கூட எங்க மாமா பையனும் சேந்தான். இந்த வேலைக்கு உயரமும் நெஞ்சளவும் ரூல்ல இருக்கு, எழுத்துத் தேர்வுல நீங்க முதல் மார்க் வாங்குனாலும் அது இல்லன்னா இல்லதான். சேரும்போ போட்டோ கேட்டாங்க, ஆதார் கேட்டாங்க, ரெண்டு ஜிபே நம்பர் குடுத்தாங்க, ஒரு டேப் எடுத்து அவனை அளக்கல. மூணு மாசம் கழிச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு நிலைக்கதவுல சாய்ச்சு நிறுத்தி, ஆசாரி வச்சுட்டுப் போன டேப்ப வச்சு மாமாவே அளந்தாரு, அரை சென்டிமீட்டர் கம்மி. திரும்ப அளந்தாரு, முடிய அமுக்கிட்டு அளந்தாரு, முடிய அமுக்காம அளந்தாரு. சவம் அரை சென்டிமீட்டர்! அந்தப் பாதி ஃபீஸ் கதை இதுதான், அவனுக்கு உள்ளது. முதல் நாளே ரெண்டு நிமிஷத்துல முடிய வேண்டிய விஷயம்.

மெட்டீரியல் பத்தி. ஜெராக்ஸ் எடுத்த ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், சில பக்கத்துல வரி பாதிலேயே முடிஞ்சிடும். அதுகூட போவட்டும், அரசியலமைப்புல சிறைகள் மத்திய, மாநில அரசு ரெண்டுக்கும் உள்ள பொதுப்பட்டியல்ல இருக்குன்னு அடிச்சு வச்சிருக்காங்க, சிறை மாநிலப் பட்டியல், நாலாவது பதிவு, ஜெயில் எக்ஸாமுக்கு படிக்குறவன் தூக்கத்துல கேட்டாலும் சொல்ல வேண்டியது. விசாரணைக் கைதிய எவ்ளோ நாள் வச்சிருக்கலாம்ங்கிற இடத்துல இன்னும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 436ஏ பிரிவுதான் கெடக்கு, 2024 ஜூலை 1-ல இருந்து அது புது சட்டத்துல 479, இதுக்கு முன்னால எந்தக் கேஸ்லயும் தண்டனை வாங்காதவன் அந்தக் குற்றத்துக்கு உள்ள அதிகபட்ச தண்டனைல மூணுல ஒரு பங்கு உள்ள கழிச்சிருந்தா வெளிய விடணும்னு மாறிட்டு, ஆயுள், தூக்குக்கு உள்ள கேஸுக்கு இது கெடையாது. நான் எழுந்து சொன்னேன், "அடுத்த எடிஷன்ல மாத்திருவோம்மா"ன்னாங்க. எடிஷனாம்! தமிழ் தகுதித் தாள்ல 40 சதவீதம் எடுக்கலன்னா மத்த பேப்பரே திருத்த மாட்டாங்க, அதுக்கு இங்க வாரத்துக்கு ஒரு மணி நேரம், அதுவும் பாதி நாள் சார் வரல.

சரி இப்பம் நல்லது. சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு ஒரு ரிட்டயர்டு ஜெயிலர் வருவாரு, தக்கலை பக்கம் வீடு, வெள்ளை சட்டை, கைல ஒரு மஞ்சப் பை. முதல் கிளாஸ்ல நாங்க எல்லாரும் நோட்ட தெறந்து வச்சுட்டு இருக்கோம், அவரு மஞ்சப் பைய மேசைல கவுத்தாரு, அவ்வளவும் புளியங்கொட்டை. "எண்ணுங்க மக்களே, 64 இருக்கும், இதுதான் இன்னைக்கு காலைல நீங்க தொறந்து விட்ட ஜெயில்"னாரு. பொறவு போர்டுல எழுதுனாரு: 9 பேரு கோர்ட்டுக்கு, அதுல 2 பேருக்கு ஜாமீன் கெடச்சாச்சு. ஏற்கனவே ஆர்டர் வந்த 3 பேரு இன்னைக்கு ரிலீஸ். ஒருத்தன ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரில அட்மிட் போட்டாச்சு. சாயங்காலம் புதுசா 4 ரிமாண்ட். லாக்கப் அடிக்கும்போ, அதாவது ராத்திரிக்கு உள்ள வச்சுப் பூட்டும்போ, எத்தன பேரு?

52 பேருல முக்காவாசி பேரு 62-ன்னோம். ஜாமீன் கெடச்ச ரெண்டையும் கழிச்சாச்சுல்லா. "அந்த ரெண்டு பேரும் எங்க இருந்து வீட்டுக்குப் போனானுவ?"ன்னு கேட்டாரு. கோர்ட்டுல இருந்துன்னோம். "கோர்ட்டுல ஜாமீன் சொன்னா போதுமா? ஆர்டர் ஜெயிலுக்கு வரணும், நீ பாக்கணும், வேற கேஸ் ஏதும் நிக்கான்னு பாக்கணும், பொறவு கேட் தொறக்கணும். அது வரைக்கும் அவன் உன் ஆளு, உன் கணக்கு." அப்போ உள்ள 64, ரெஜிஸ்டர்ல 65, அந்த ஒண்ணு எஸ்கார்ட் காவலோட ஆஸ்பத்திரில. ரெண்டு நம்பரும் தெரிஞ்சாத்தான் கையெழுத்து போடணும்.

நாங்க ஆஹா புரிஞ்சுட்டுன்னு நோட்டுல எழுதிட்டு இருக்கும்போ அடுத்தது, போர்டுல உள்ளபடி கொட்டைய எடுத்து, போட்டு, திரும்ப எண்ணுங்கன்னாரு. 63. இன்னொரு தடவ எண்ணுனோம், 63. முன் பெஞ்சுல ஒரு தம்பி, "பேப்பர்ல 64 கரெக்டா வருது சார், சைன் போட்டுரலாம்"னான். சார் ஒண்ணும் பேசல. ஃபேன் சத்தம் மட்டும் கேக்குது. பொறவு மெதுவா, "இப்பிடி போட்ட சைன்லதான் ஒருத்தனோட சர்வீஸே முடிஞ்சுது, நான் பாத்தது"ன்னாரு. மேசைய நகத்தி, பெஞ்சுக்கு அடில குனிஞ்சு, பேக எல்லாம் ஒதறி, 20 நிமிஷம் தேடுனோம், கடைசில அவரோட அட்டெண்டன்ஸ் நோட்டுக்கு அடில இருந்து அவரே எடுத்துப் போட்டாரு. அந்தத் தம்பி அதுக்குப் பொறவு எந்த கிளாஸும் லீவு போடல.

சட்டமும் அவரு நடத்துறது வேற மாதிரி. 1894 சிறைச் சட்டம்னா நாங்க பிரிவு நம்பரா மனப்பாடம் பண்ணுவோம், இவரு அத வீட்டுக் கதையா சொல்லுவாரு. ஜெயிலர் ஜெயில்லயே தங்கணும், வெளிய தங்கணும்னா கண்காணிப்பாளர் எழுத்துல அனுமதி குடுக்கணும், அனுமதி இல்லாம ஒரு ராத்திரி கூட விலகி இருக்கக் கூடாது, வேற தொழில் பண்ணக் கூடாது, ஜெயிலுக்கு சாமான் போடுற கான்ட்ராக்ட்ல பங்கு இருக்கக் கூடாது, கைதி கூட கொடுக்கல் வாங்கல் கூடாது. இது ஒவ்வொண்ணையும் யாரோ ஒருத்தன் செஞ்சதாலதான் எழுதி வச்சிருக்கான்னு சிரிப்பாரு. சுகன்யா சாந்தான்னு ஒரு பத்திரிகைக்காரங்க போட்ட கேஸ்ல 2024 அக்டோபர்ல வந்த தீர்ப்ப ரெண்டு கிளாஸ் நடத்துனாரு, சாதி பாத்து வேலை பிரிக்கக் கூடாது, பதிவேட்டுல சாதின்னு ஒரு கட்டமே இருக்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. பாளையங்கோட்டை ஜெயில்ல சாதி வாரியா தனித்தனியா வச்சதும் அந்தத் தீர்ப்புல வருது. இங்கேருந்து தண்டனைக் கைதிகள அங்கதான கொண்டு போவாங்க, அதுனால கிளாஸ்ல ஒரே சண்டை. தனியா வைக்கலன்னா அடிச்சுக்குவானுவன்னு ஒரு கோஷ்டி. "அடிச்சுக்காம பாக்குறதுக்குத்தான் உனக்கு சம்பளம்"னு ஒரே வரில முடிச்சாரு. நடுவுல உதயகிரிக் கோட்டை டிலனாய் கதையும் வரும், 1741-ல குளச்சல் சண்டைல பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைக்காரன் பொறவு திருவிதாங்கூர் படைக்கே தளபதி ஆனான், உள்ள கெடக்குறவன் எவன்னு உனக்கு முழுசா தெரியாது பிள்ளேன்னு. தக்கலைக்காரர்கிட்ட டிலனாய ஆரம்பிச்சா நிறுத்த முடியாது, அது வேற.

மாக் இன்டர்வியூ அவரு எடுத்தது இன்னும் நெஞ்சுல நிக்கி. என்கிட்ட கேட்டது: உங்க வயசு 24, உங்களுக்குக் கீழ இருக்க தலைமைக் காவலருக்கு 25 வருஷ சர்வீஸ், அவரு ஒரு கைதிக்கு செல்போன் உள்ள விட்டாருன்னு இன்னொரு கைதி உங்க காதுல சொல்றான், என்ன செய்வீங்க? நான் பட்டுன்னு சஸ்பெண்ட் பண்ணுவேன்னேன். "எந்த அதிகாரத்துல? நீ ரிப்போர்ட் எழுதணும், முடிவு மேல. ஆனா அதுக்கு முன்னால சொன்னவன எங்க வைப்ப இன்னைக்கு ராத்திரி?" எனக்கு பதிலே வரல. சொன்னவன பத்தி நான் யோசிக்கவே இல்ல.

இத ஒரு அக்காகிட்ட போன்ல சொன்னேன், எங்க தெருக்காரிதான், அமெரிக்கால ஒரு கவுண்ட்டி ஜெயில்ல நர்ஸ். கவுண்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி, அந்த ஜெயில்ல பெரும்பாலும் கேஸ் முடியாதவங்களும் ஒரு வருஷத்துக்குள்ள தண்டனை உள்ளவங்களும்தான் இருப்பாங்க. அனேக இடத்துல ஓட்டு போட்டு ஜெயிக்குற ஷெரிஃப் கைலதான் ஜெயில், சில கவுண்ட்டில தனியா ஒரு ஆள வேலைக்கு எடுத்து பொறுப்பக் குடுக்குறாங்க. அவங்க ஜெயிலுக்கு இப்பம் அப்பிடி ஒரு புது தலைமைய தேடிட்டு இருக்காங்களாம், வெளம்பரத்துலயே இதுக்கு முன்னால எத்தன வருஷம் ஜெயில் நடத்துனீங்க, எத்தன பேர மேய்ச்சீங்கன்னுதான் முதல் கேள்வியாம். "ஆனாலும் வாறவன் எப்பிடின்னு வந்த பொறவுதான் மோளே தெரியும், எங்களுக்கு ஆள் பத்தாம நைட் டூட்டி ரெண்டு மடங்கு ஓடுது"ன்னு கொட்டாவி விட்டா. நம்ம முறைல டிகிரி முடிச்ச கையோட, ஒரு பூட்டக்கூட பாக்காதவள நேரா ஜெயிலர் நாற்காலில இருத்தலாம். அது தப்புன்னு சொல்லல, எங்கள மாதிரி ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பரீட்சை ஒண்ணுதான் கதவு. ஆனா பூட்டப் பத்தி சொல்லித் தாற கிளாஸ் வாரத்துக்கு ரெண்டு மணி நேரம், நதிகள் மலைகள் மனப்பாடம் பண்ற கிளாஸ் வாரத்துக்கு 14 மணி நேரம்.

மத்தபடி சில்லற விஷயம். மாடில ஒரே ஒரு டாய்லெட், தாழ்ப்பாள் கிடையாது, உள்ள போனா வாசல்ல கூட்டுக்காரி காவல் நிக்கணும், ஜெயில் கோச்சிங்குக்கு தாழ்ப்பாள் இல்லன்னு நாங்களே சொல்லிச் சிரிச்சுக்குவோம். அண்ணா ஸ்டேடியத்துல தினமும் பிசிக்கல் ட்ரெயினிங்னு நோட்டீஸ்ல இருக்கு, எட்டு மாசத்துல ரெண்டு தடவ, ரெண்டாவது தடவ மழை. கிளாஸ் எட்டரைக்குத்தான் விடுவாங்க, திங்கள்நகர் பஸ்ஸுக்கு ஓடணும், பொம்பளப்புள்ளைகள அரை மணி நேரம் முன்னால விடுங்கன்னு மூணு தடவ சொல்லியும் கேக்கல. கீழ உள்ள சாயாக்கடைல ரசவடை மட்டும் சொல்லவே வேண்டாம், அஞ்சு மணிக்குள்ள போயிரணும்.

ஜிகே, கணக்கு, தமிழ் எல்லாத்துக்கும் கோணத்துல மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துல ஃப்ரீ கோச்சிங் நடக்கும், பைசா கிடையாது, நான் இப்பம் அங்கதான் போறேன். 12,000 குடுத்து இங்க முழு பேட்ச் சேராதீங்க. சனிக்கிழமைக்கு மட்டும்னா தனியா 2,000 வாங்குறாங்க, கேட்டாத்தான் சொல்லுவாங்க, கேளுங்க. போறதுக்கு முன்னால வீட்டுல ஒரு டேப் எடுத்து உங்க உயரத்த அளந்துக்கோங்க.

மாமா பையனோட 6,000 வர்ற திங்கக்கிழமைன்னு சொல்லிருக்காங்க, இது நாலாவது திங்கக்கிழமை. வந்தா இதுலயே எழுதுறேன்.