ஏ முதல் இஸட் வரை அடுக்கிய ஆங்கிலச் சொல் தொகுப்பு: நெடுநாள் புழங்கிய பிறகு

எழுத்துவாரியாக ஆங்கிலச் சொற்களை அடுக்கிய தொகுப்பு விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். உள்ளே என்ன இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்: சொல், தமிழில் உச்சரிப்பு, பொருள், ஒரு வாக்கியம். நெடுநாள் புழங்கியதில் என் கோபமெல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. விடையின் முதல் எழுத்தை அது சும்மா கொடுத்துவிடுகிறது.

'ஆர்' பகுதியைத் திறந்து, ஆங்கிலச் சொல்லை மறைத்துவிட்டுப் பொருளை மட்டும் பாருங்கள். 'தயக்கமுள்ள' என்றிருக்கும். விடை ஆரில்தான் தொடங்கும் என்று முன்பே தெரியும் என்பதால் 'ரிலக்டன்ட்' உடனே வாய்க்கு வந்துவிடும். பக்கத்தில் அது எந்த வரியில் இருந்தது என்ற நினைவும் கைகொடுக்கும். பேசும்போது இந்த இரண்டு துணையும் கிடையாது. பக்கத்தை முடித்தவர் சொல்லைக் கற்றுவிட்டதாக நம்புகிறார், தேவைப்படும் நேரத்தில் அது வருவதில்லை.

அடுக்கிய விதத்திலும் கோளாறு. 'சூழலுக்கேற்ப மாறிக்கொள்' என்ற அடாப்டும், 'தத்தெடு' என்ற அடாப்டும் நடுவில் ஓர் எழுத்து மட்டும் மாறி ஒரே பக்கத்தில் நிற்கின்றன. கூடவே 'கைதேர்ந்த' என்ற அடெப்ட். ஒரே நாளில் மூன்றையும் படித்தால் பொருள்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதே நேரம், காதுக்கு ஒன்றுபோலவே கேட்பதால் அருகருகே வைத்து விளக்க வேண்டிய, 'பாதிப்பு உண்டாக்கு' என்ற அஃபெக்ட், 'விளைவு' என்ற இஃபெக்ட் இரண்டும் ஏ-யிலும் ஈ-யிலும் பிரிந்து கிடக்கின்றன. 'ஏற்றுக்கொள்' என்ற அக்செப்ட், 'தவிர' என்ற எக்செப்ட் கதையும் அதுவே. 'எழுது' என்ற ரைட் டபிள்யூவில், 'சரி' என்ற ரைட் ஆரில். பிரிக்க வேண்டியதைச் சேர்த்து, சேர்க்க வேண்டியதைப் பிரித்திருக்கிறார்கள்.

உச்சரிப்புப் பத்தியை நம்பவே வேண்டாம். 'சிறந்த' என்பதும் பெஸ்ட், 'பூச்சித் தொல்லை' என்பதும் பெஸ்ட். மேலங்கியும் கோட், ஆடும் கோட். முதல் எழுத்தை வைத்தே கட்டிய தொகுப்பில் அந்த முதல் எழுத்தின் ஒலிதான் தமிழில் தெரிவதில்லை. வாய்க்கு முன்னால் மெல்லிய தாள் துண்டைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள்: 'பென்' என்னும்போது தாள் நன்றாக ஆடும், 'பஸ்' என்னும்போது அவ்வளவாக ஆடாது.

இத்தனை எரிச்சலையும் மறக்கடிப்பது 'ஐ' பகுதி. இன்கரெக்ட், இம்பாசிபிள், இம்மெச்சூர், இல்லீகல், இர்ரெகுலர் எல்லாம் வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போதுதான் ஒரு விதி கண்ணில் படுகிறது. எல்லாவற்றிலும் இருப்பது 'இல்லாத, அல்லாத' என்னும் ஒரே லத்தீன் முன்னொட்டு 'இன்'. அடுத்து உதடு மூடும் ஒலி வந்தால் இம், எல் வந்தால் இல், ஆர் வந்தால் இர். 'மரம்' என்பதும் 'கள்' என்ற பன்மை விகுதியும் சேர்ந்து 'மரங்கள்' ஆகிற அதே ஒலி இசைவு! இதை ஒருமுறை பிடித்துக்கொண்டால் பல சொற்களை மனப்பாடம் செய்யவே வேண்டாம். இம்பார்டன்ட், இம்ப்ரூவ் போன்றவற்றில் மட்டும் எதிர்மறைப் பொருள் கிடையாது, கவனம். இன்புட்டில் உள்ள 'இன்' வேறு, அது 'உள்ளே'. வேறு எந்த வரிசையிலும் இந்த விதி இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

கையில் ஏற்கெனவே இருந்தால் பக்க வரிசையில் போகாதீர்கள். அப்படிப் போகிறவர்கள் சி, டி தாண்டுவதற்குள் சலித்து நிறுத்திவிடுகிறார்கள். நாளுக்கு 10 சொல், பத்தும் வெவ்வேறு எழுத்தில். அட்டையின் ஒரு பக்கம் பொருளும், சொல்லுக்கு இடம் விட்ட வாக்கியமும், மறுபக்கம் சொல். செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் விளக்கிய பெட்டி முறை இதற்குப் பொருந்தும். மூன்று அறை போதும்: முதலாவது தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கொருமுறை, மூன்றாவது வாரமொருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு, தவறியது முதல் அறைக்கு. அடாப்ட் இரட்டையரில் ஒன்று மூன்றாம் அறையைத் தொட்ட பிறகே மற்றதை எடுங்கள். அஃபெக்ட், இஃபெக்ட் போன்றவற்றை மட்டும் ஒரே அட்டையில், இரண்டு வாக்கியங்களோடு எழுதுங்கள். எக்ஸ் பக்கத்தில் எக்ஸ்ரேயைத் தவிர அன்றாடத்துக்கு உதவுவது எதுவும் இல்லை, தாண்டிவிடலாம்.

அச்சு தெளிவு, பொருள்கள் சரி, வாக்கியங்கள் இயல்பு. 'ஐ' பகுதிக்காகவே ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஆனாலும் நண்பரே, தொடக்க நிலையில் இருப்பவருக்கு வாங்காதீர்கள், விலை இன்னும் பாதியாகக் குறைந்தாலும். மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட, சுமார் 2000 சொற்கள் கொண்ட பட்டியல்போலப் புழக்கத்தை வைத்துத் தேர்ந்த ஒன்றிலிருந்து முதலில் தொடங்கட்டும்.