கடை மென்பொருளில் தேதி வடிவம்: மூன்று வழிகளில் எது நல்லது?

ரிட்டர்ன் அனுப்பக் கடைசி நாள் 03/04/2025 என்று ஆர்டர் பக்கத்தில் இருந்தால், அமெரிக்காவில் இருப்பவர் மார்ச் 4 என்று படிப்பார், பிரிட்டனில் இருப்பவர் ஏப்ரல் 3 என்று படிப்பார். இதைச் சரிசெய்ய பிஹெச்பி என்ற நிரல் மொழியில் எழுதிய ஆன்லைன் கடைகளில் மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது, மொழிக் கோப்பை, அதாவது திரையில் வரும் சொற்களும் தேதி வடிவமும் இருக்கும் கோப்பைத் திருத்துவது. ஓஎஸ்காமர்ஸ், அதிலிருந்து 2003இல் பிரிந்த ஜென் கார்ட் ஆகிய கடை மென்பொருள்களின் பழைய பதிப்புகளில் ஆங்கிலக் கோப்பு மாதம்/நாள்/ஆண்டு என்ற வரிசையோடுதான் வரும். ஒரு வரியில் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றினால் திரையில் தேதி மாறிவிடும். பலரும் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், வம்பு அங்கேதான் தொடங்குகிறது. ஓஎஸ்காமர்ஸில் அதே கோப்பில் கீழே டெப்_டேட்_ரா என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது. வாடிக்கையாளர் தட்டும் தேதியை அது எழுத்து எண்ணித்தான் வெட்டுகிறது: முதல் இரண்டு எழுத்து மாதம், நான்காவதிலிருந்து இரண்டு நாள், ஏழாவதிலிருந்து நான்கு ஆண்டு. இதைத் தொடாமல் விட்டால், பிறந்த தேதி 25/12/1990 என்று கொடுப்பவருக்கு மாதம் 25 ஆகி, பதிவு நிராகரிக்கப்படும். அது பரவாயில்லை, பிழை கண்ணுக்குத் தெரிகிறது. 05/12/1990 கொடுப்பவரோ எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மே 12இல் பிறந்தவராகிவிடுவார். படிவத்தில் காட்டும் மாதிரித் தேதியையும் சேர்த்து மூன்றையும் ஒன்றாக மாற்றினால்தான் இந்த வழி உருப்படும்.

இரண்டாவது, பிஹெச்பியின் செட்லொகேல், எஸ்டிஆர்எஃப்டைம் ஃபங்ஷன் ஜோடி. முதலாவது லொகேலை, அதாவது மொழி, நாட்டு அமைப்பைத் தேர்கிறது; இரண்டாவது அதன்படி தேதியை எழுதுகிறது. சர்வரில் அந்த லொகேல் நிறுவப்படாவிட்டால் மாதப் பெயர்கள் ஆங்கிலத்திலேயே நிற்கும். பிஹெச்பி 8.1 எஸ்டிஆர்எஃப்டைமைக் கைவிடப்படும் பட்டியலில் சேர்த்துவிட்டது. புதிதாக எழுதுபவர் இதன் பக்கமே போக வேண்டாம்.

மூன்றாவது, பிஹெச்பியோடு சேர்க்கும் இன்ட்ல் நீட்சி. இது யூனிகோடின் சிஎல்டிஆர் தரவை (நாடுவாரியான தேதி, எண் வழக்கங்களின் தொகுப்பு) ஐசியு என்ற நிரல் நூலகம் வழியாகப் படிக்கிறது. 2025 மார்ச் 4ஐக் குறுவடிவில் கேட்டால் அமெரிக்க லொகேலுக்கு 3/4/25, பிரிட்டனுக்கு 04/03/2025, ஜெர்மனிக்கு 04.03.25 என்று தானே தரும். பல நாடுகளுக்கு விற்கும் கடைக்கு வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் பழைய வடிவக் குறிகளை (நாள், மாதம், ஆண்டைக் குறிக்கும் எழுத்துகளை) அப்படியே இதில் ஒட்டக்கூடாது. பிஹெச்பியின் டேட் ஃபங்ஷனில் சின்ன எம் மாதம், ஐசியுவில் அதே சின்ன எம் நிமிடம். பெரிய ஒய் ஐசியுவில் வாரக் கணக்கு ஆண்டு, அதாவது அந்த வாரம் எந்த ஆண்டின் கணக்கில் வருகிறதோ அந்த ஆண்டு, அதனால் டிசம்பர் கடைசி நாட்களில் அடுத்த ஆண்டு எட்டிப் பார்க்கும். தரவும் அவ்வப்போது மாறும். 2022இல் வந்த சிஎல்டிஆர் 42, ஆங்கில நேரத்தில் ஏஎம், பிஎம் முன்னால் இருந்த சாதாரண இடைவெளியைக் குறுகிய இடைவெளியாக்கியது. வெளிவரும் எழுத்தை அப்படியே ஒப்பிட்ட சோதனைகள் உடைந்தன. காட்டுவதற்காக உருவாக்கிய தேதியை நிரல் திரும்பப் படிக்கக்கூடாது என்பது இதனால்தான்.

உள்ளீட்டுக்குப் பிரௌசரின் சொந்தத் தேதிப் பெட்டி போதும். திரையில் எப்படிக் காட்டினாலும் சர்வருக்கு ஆண்டு-மாதம்-நாள் என்றே அனுப்பும், டேட்டாபேஸும் அதையே கேட்கிறது. எழுத்து வெட்டும் ஃபங்ஷனுக்கு வேலையே இருக்காது.

ஒரே நாட்டில், ஒரே மொழியில் ஓடும் பழைய கடைக்கு முதல் வழியே போதும். மாற்றும் முன் பேக்கப் எடுத்து, மாற்றிய நாளைக் குறித்து வையுங்கள். பாதி மாற்றத்தோடு சில வாரம் ஓடியிருந்தால், அந்த இடைவெளியில் பதிவான பிறந்த தேதிகளில் எது இடம் மாறியது என்று நிரல் சொல்லாது. வாடிக்கையாளரிடம்தான் கேட்க வேண்டும்.