பி-யா, ஜே-யா, மியூசிக் மேனா: பேஸ் பிக்கப்பை மாற்றும் முன்

பேஸ் கிட்டார் வாசிக்கத் தொடங்கி ஒன்றிரண்டு வருடம் ஆனதும் எல்லோருக்கும் ஒரு அரிப்பு வரும்: பிக்கப்பை, அதாவது கம்பியின் அசைவை மின்சைகையாக்கும் காந்தச் சுருளை, மாற்ற வேண்டும். எனக்கும் வந்தது. என்னுடைய பி-பேஸில் (ஃபெண்டர் பிரிசிஷன்) ஜி கம்பி மட்டும் எப்போதும் அமுங்கியே கேட்டது. பிக்கப்தான் மட்டம் என்று முடிவு கட்டி, நல்ல பெயருள்ள ஒன்றை வாங்கிப் போட்டேன். கம்பி ஏற்றி, சுருதி சேர்த்து, ஆம்பில் சொருகினால் ஜி கம்பி அப்படியேதான் இருந்தது. மறுபடி கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பிக்கப்புக்கு அடியில் இருக்கும் பஞ்சு நசுங்கி அப்பளமாகிவிட்டிருக்கிறது. ஸ்க்ரூவை எவ்வளவு தளர்த்தினாலும் பிக்கப் மேலே எழும்பாது, அதைத் தள்ளுவதற்கு அடியில் ஒன்றுமில்லை. இரண்டு துண்டு புதுப் பஞ்சு வைத்ததும் ஜி கம்பிக்குக் குரல் வந்தது. பழைய பிக்கப்பைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், அதிலும் வந்தது.

அதிலிருந்து யாராவது எந்த பிராண்ட் நல்லது என்று கேட்டால், பிக்கப் உடம்பில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். கழுத்துப் பக்கம் போகப் போக அடிச்சுருதி தடிமனாகும். கம்பி உடம்பில் முடியும் பிரிட்ஜை நெருங்க நெருங்க மேல்சுரங்கள் தூக்கலாகி, ஒலி இறுகும். கம்பி அங்கங்கே அசையும் விதமே அப்படி. எந்தக் காந்தமும் அதை மாற்றாது. பி (பிரிசிஷன்), ஜே (ஜாஸ் பேஸ்), மியூசிக் மேன் மூன்று பேஸ்களின் குணமும் பாதிக்குப் பாதி இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஃபெண்டர் பிரிசிஷன் 1951-இல் வந்தபோது அதில் ஒற்றைச் சுருள் பிக்கப்தான் இருந்தது. இன்று நாம் பி-பிக்கப் என்று சொல்லும் இரண்டாய்ப் பிளந்த வடிவம் 1957-இல் வந்தது. இ, ஏ கம்பிகளுக்கான பாதி கழுத்துப் பக்கமும், டி, ஜி கம்பிகளுக்கான பாதி பிரிட்ஜ் பக்கமும் தள்ளி இருக்கும். இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் சுற்றியவை, காந்த முனையும் எதிரெதிர். அதனால் வெளியிலிருந்து வரும் ஹம் எனும் மின் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன், கிட்டத்தட்ட ஒரே ஒலி. தனியாக வாசித்துக் கேட்டால் கொஞ்சம் மொத்தை என்று தோன்றும். டிரம்ஸும் இரண்டு கிட்டாரும் சேர்ந்த பிறகு கேளுங்கள், அதற்கென்று ஒரு இடம் வைத்தது போல உட்கார்ந்துகொள்ளும். இ கம்பி கொழகொழவென்று இருப்பதாகப் புலம்புகிறவர்கள் சிலர் இரண்டு பாதிகளையும் இடம் மாற்றி, இ-ஏ பாதியை பிரிட்ஜ் பக்கம் கொண்டுபோவார்கள். ரிவர்ஸ் பி என்பது அதுதான். இ கம்பி உண்மையிலேயே இறுகும். ஆனால் மரத்தைக் குடைய வேண்டும், அதற்கு எனக்குத் தைரியம் வந்ததில்லை.

1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு ஒற்றைச் சுருள்கள். ஜே-யின் சுகமும் தொல்லையும் இந்த இரண்டில்தான். இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்தால் ஹம் அடங்கும், நடு அலைவரிசை குழிந்து ஒலி பளபளக்கும். ஒன்றைக் கொஞ்சம் குறைத்தால் நடு மேலே வரும், கூடவே ஹம்மும் எட்டிப் பார்க்கும். பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் வைத்தால் மூக்கால் பேசுகிற அந்தத் தெளிவான ஒலி கிடைக்கும். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் ஃப்ரெட்லெஸ் (கழுத்தில் ஃப்ரெட் என்னும் உலோகக் கட்டைகள் இல்லாத) ஜாஸ் பேஸில் அதை வைத்தே ஒரு தலைமுறையைத் திரும்பிப் பார்க்க வைத்தார். எழுபதுகளில் ஃபெண்டர் இந்த பிரிட்ஜ் பிக்கப்பைச் சுமார் 1 செ.மீ. பிரிட்ஜை நோக்கி நகர்த்தியது. அந்த ஒரு சென்டிமீட்டரே காதில் தெரியும். அறுபதுகளின் ஒலி என்று சொல்லி விற்கும் பிக்கப்பை எழுபதுகளின் குழியில் போட்டுவிட்டு, ஏன் அப்படிக் கேட்கவில்லை என்று கேட்பவர்களுக்கு வேறு என்ன பதில் சொல்வது?

மியூசிக் மேன் ஸ்டிங்ரே 1976. தடித்த காந்தத் துண்டுகள், பேரலலில் (பக்க இணைப்பில்) இணைத்த இரண்டு சுருள்கள், உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடி ஒலியைத் தூக்கும் ப்ரீஆம்ப். கட்டைவிரலால் அடித்து வாசிக்கிறவர்களுக்கு இது சர்க்கரைப் பொங்கல். மெல்லிய விரல் வாசிப்பில் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. மேலே கரகரப்பு, கீழே கனம், நடுவில் நான் எதிர்பார்க்கும் ஆள் இல்லை. இதை ரசிக்கிறவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும். ஆனால் ஸ்டிங்ரே ஒலி வேண்டும் என்று பி-பேஸில் அந்த பிக்கப்பைப் புகுத்த நினைக்காதீர்கள். குழி பொருந்தாது, இடமும் வேறு.

பி-யையும் ஜே-யையும் சேர்த்த பிஜே அமைப்பு காகிதத்தில் பார்த்தால் இரண்டு பக்கமும் லாபம். கையில் எடுத்தால் ஒரு சிக்கல். பி தானாகவே ஹம்மை அடக்குகிறது. துணைக்கு வந்த ஜே ஒற்றைச் சுருள், அதற்கு ஜோடி இல்லை, எனவே அதைத் திறந்ததும் இரைச்சல். பி-க்கு முன்னால் அதன் சத்தமும் குறைவு. ஆகவே பிஜே வைத்திருப்பவர்கள் பிக்கப் மாற்றுவதாக இருந்தால், முதலில் அந்த ஜே-யைத்தான் ஹம் இல்லாத வகைக்கு மாற்ற வேண்டும். சுருளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கியது ஒரு வகை, நீளவாக்கில் இரண்டாகப் பிரித்தது இன்னொன்று. என் காதுக்குப் பிரித்த வகைதான் பிடிக்கும். அடுக்கிய வகையில் மேல்சுரங்கள் லேசாக மங்கியது போல் இருக்கிறது.

செம்புத் தகடு ஒட்டினால் ஹம் போய்விடும் என்பது பாதி உண்மை. உள்குழியைச் செம்புத் தகட்டால் மூடி எர்த் கொடுத்தால், டிம்மர், டியூப்லைட் கிளப்பும் கீச்சுக் கீச்சென்ற இரைச்சல் வெகுவாகக் குறையும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து காந்தப் புலமாக வரும் அடித்தொண்டை ஹம்மைச் செம்பு தடுக்காது. அதற்கு எதிர்ச் சுருள் ஒன்றுதான் வழி.

அட்டையில் அச்சிட்டிருக்கும் கிலோ ஓம் எண்ணைப் பார்த்து, இது 11, அது 7.5, ஆகவே 11 பலசாலி என்று வாங்குகிறவர்களும் உண்டு. சுற்றிய கம்பி மெல்லியதாக இருந்தாலே ஓம் ஏறிவிடும். காந்தம், சுருளின் வடிவம் எல்லாம் சேர்த்துத்தான் பலம். ஒரே குடும்பத்து இரண்டு பிக்கப்பை ஒப்பிடுவதற்கு மேல் அந்த எண்ணால் பயனில்லை. காந்தம் அல்னிக்கோவா செராமிக்கா என்பதிலும் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. செராமிக் பொதுவாக முரட்டுத்தனமாக, பளிச்சென்று வரும், அவ்வளவுதான். காந்தம் பலமாக இருந்தால் கம்பிக்கு மிக அருகே உயர்த்தாதீர்கள். கம்பியை அது இழுத்து, உயர்ந்த ஃப்ரெட்டுகளில் சுருதி தள்ளாடும்.

பாட்டும் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் மின்தடை) கெப்பாசிட்டரும் விலை குறைந்த சமாசாரம், வாக்குவாதம் மட்டும் நிறைய. பாசிவ், அதாவது பேட்டரி இல்லாத, பேஸில் 250கே (கிலோ ஓம்) பாட் வழக்கம், 500கே போட்டால் மேல்பக்கம் கொஞ்சம் திறக்கும். டோன் கெப்பாசிட்டர் வழக்கமாக 0.047 மைக்ரோஃபாரட். டோனைத் திருகிக் குறைக்கும்போதுதான் அது வேலை செய்கிறது. முழுக்கத் திறந்து வாசிக்கிறவர் பழங்காலத்து எண்ணெய்க் கெப்பாசிட்டரைத் தேடி அலைவது வீண் வேலை.

ஜே-பேஸில் எனக்குப் பிடித்த மாற்றம் பிக்கப்பே இல்லை, ஒரு சுவிட்ச். இரண்டு பிக்கப்பையும் பேரலலில் இருந்து சீரீஸுக்கு (ஒன்றன்பின் ஒன்றான இணைப்புக்கு) மாற்றுவது. சத்தம் ஏறும், நடு தடிக்கும், பி-யின் சொந்தக்காரன் போலக் கேட்கும், ஹம்மும் அடங்கியே இருக்கும். இழுத்தால் சுவிட்சாகும் புஷ்-புல் பாட் போட்டால் துளையும் வேண்டாம். ஒரு பிக்கப்பின் எர்த் வயரை பாட்டின் முதுகிலிருந்து கழற்றி சுவிட்சுக்குக் கொண்டுபோக வேண்டும், தடுமாறும் இடம் இதுதான். அதற்குப் பதில் எர்த் தரும் இணைப்பைப் பாட்டின் முதுகில் வைக்கும்போது, முதலில் அந்த இடத்தை உப்புத்தாளால் தேயுங்கள். அயர்னை வைத்து முதுகு சூடாகும்வரை பொறுங்கள். ஈயம் தண்ணீர் போல ஓடிப் பரவ வேண்டும். உருண்டையாகச் சாம்பல் நிறத்தில் நின்றால் அது ஒட்டவில்லை, மேடையில்தான் கரகரக்கும்.

சரி, ஆக்டிவா பாசிவா? ஆக்டிவ் ப்ரீஆம்ப் நீளமான கேபிளில் மேல்சுரம் தேயாமல் காப்பாற்றுகிறது, கையருகிலேயே அடி ஒலியையும் மேல் ஒலியையும் கூட்டலாம். பதிலுக்கு பேட்டரி. கேபிளைச் சொருகியதும்தான் சர்க்யூட் ஓடத் தொடங்கும் என்பதால், வாசித்து முடித்துக் கேபிளைப் பிடுங்காமல் போனால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். சாகும்போது நல்ல பிள்ளையாகச் சாகாது, கரகரத்து உடைந்து சாகும். பாசிவ் பேஸைக் குடைந்து ப்ரீஆம்ப் பொருத்துவதைவிட, அதே ப்ரீஆம்பைப் பெடலாகக் காலடியில் வைத்துக்கொள்வது என் கட்சி. எந்த பேஸை எடுத்தாலும் அது கூட வரும்.

ஹார்ட்வேரில் கனமான பிரிட்ஜ் பற்றிய புகழ்ச்சி கொஞ்சம் அதிகம். மடித்த தகட்டில் செய்த பழைய பிரிட்ஜோடு ஒப்பிட்டால், கம்பி உட்காரும் சேடில்கள் நகராமல் நிற்கும், அதற்காகவே வாங்கலாம். ஒலியில் மலையளவு வித்தியாசத்தை நான் கேட்டதில்லை. கழுத்து கீழே சாய்கிற பேஸுக்கு டியூனர்களை லேசான வகைக்கு மாற்றுவதுதான் மருந்து. ஸ்ட்ராப்பிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருக்கும் சில நூறு கிராம் தோளை இழுக்கிறது.

இத்தனைக்கும் முன்னால் கம்பி. மோட்டவுன் பாட்டுகளின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரிசிஷனில் தடித்த தட்டைக் கம்பியும் (தட்டை நாடா சுற்றிய, வழவழப்பான கம்பி), பிரிட்ஜ் மூடிக்கடியில் பஞ்சும் வைத்துத்தான் பெரும்பாலும் வாசித்தார். பழைய தட்டைக் கம்பி போட்ட பேஸில் இரண்டு பிக்கப்பை மாறி மாறி வைத்தால் பலருக்கு எது எது என்று சொல்லத் தெரியாது, எனக்கும்தான். அப்புறம், கழற்றிய பிக்கப்பைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த வயர் எங்கே போனது என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, உறையில் போட்டு மேலே பேர் எழுதி வையுங்கள். என்னுடையது இப்போது மறுபடி அதே பி-பேஸில்தான் இருக்கிறது.