சிம்லா பயணப் பெக்கேஜ்: காசு சரி, நாட்கணக்குப் பிழை

கடந்த பங்குனிக் கடைசியில் அம்மாவும் அக்காவும் நானுமாகத் திருகோணமலையிலுள்ள ஒரு பயண முகவர் மூலம் சிம்லாவுக்குப் போய் மூன்று இரவுகள் தங்கி வந்தோம். விசா, கட்டுநாயக்காவிலிருந்து டில்லி வரையான விமானம், அங்கிருந்து கல்கா வரையான புகையிரதம் ஆகியவற்றில் குறை சொல்ல எதுவும் இல்லை. கட்டிய பணத்துக்கு ஏற்ற சேவை என்றே சொல்வேன். ஆனால் மலையில் இருந்த நாட்களை முகவர் பங்கிட்ட விதம்தான் பிழை: தவிர்க்க வேண்டியதற்கு அரைநாளும், நின்று பார்க்க வேண்டியதற்கு அவசரமும் ஒதுக்கப்பட்டிருந்தன.

முதலில் தந்த நிரலில் கல்காவிலிருந்து சிம்லாவுக்குக் கார் என்றுதான் இருந்தது. அக்கா விடாப்பிடியாக நின்று மாற்றியதால் சிறு புகையிரதத்தில் ஏறினோம். முழுப் பயணத்திலும் மிகச் சிறந்த ஐந்தரை மணித்தியாலங்கள் அவையே. 1903 இல் திறக்கப்பட்டு, 2008 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இந்தப் பாதையில் தண்டவாளத்தின் அகலம் 762 மில்லிமீற்றர் மட்டுமே. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 650 மீற்றர் மேலே இருக்கும் கல்காவில் புறப்பட்டு, 96 கிலோமீற்றர் வளைந்து வளைந்து ஏறி, 102 சுரங்கங்களைக் கடந்து, 2,000 மீற்றருக்கு மேலுள்ள சிம்லாவில் வண்டி மூச்சு விடுகிறது. கீழே கள்ளியும் முட்பற்றையும். கொஞ்சம் ஏறியதும் பைன் மரங்கள். கடைசியில், நடுப்பகலிலும் நிழல் கலையாத தேவதாரு. ஒரு வளைவில் எங்கள் பெட்டியின் யன்னலூடாக எங்கள் வண்டியின் எஞ்சினையே பக்கவாட்டில் பார்த்த அம்மா, வேறொரு வண்டி எதிரே வருகிறதென்று பயந்துவிட்டார். ஒரு கிலோமீற்றரைத் தாண்டிய பரோக் சுரங்கத்தைவிட்டு வெளியே வந்ததும் பரோக் நிலையத்தில் வண்டி சற்று நிற்கிறது. அங்கே வாங்கிய கட்லட்டில் மிளகாய் குறைவு, சூடு அதிகம். கல்ஓயாச் சந்திப் புகையிரத நிலையத்தில் வடை வாங்கித் தின்று பழகிய வாய்க்கு அதுவும் உவப்பாகவே இருந்தது.

விடுதி அறை துப்புரவானது, வெந்நீருக்கும் தட்டுப்பாடில்லை. ஆனால் திருகோணமலை வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்த மாத இரவே நடுக்கத்தைத் தந்தது. அறைக்கு ஹீட்டர் கேட்டபோது, இரவொன்றுக்கு 500 இந்திய ரூபாய் தனியாகத் தர வேண்டும் என்றார்கள். 'சகல வசதிகளும் உட்பட' என்று எங்கள் நிரலில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்ததைக் காட்டினோம். தமிழில் எழுதிய தாளை அவர்கள் மரியாதையோடு வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள்.

நகரத்துக்குள் மால் வீதியில் பொதுவாக வாகனங்களுக்கு அனுமதியில்லை என்பது பெரிய நிம்மதி. கீழே கார்ட் வீதியிலிருந்து மேலே ஏறக் கட்டணம் செலுத்தும் லிஃப்ட் உண்டு. முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போவோர் இதை அறிந்திருப்பது நல்லது, ஏனெனில் முகவர் எங்களுக்குச் சொல்லவில்லை. 1888 இல் கட்டி முடிக்கப்பட்ட வைஸ்ராய் மாளிகை இப்போது உயராய்வு நிறுவனமாக இருக்கிறது. வழிகாட்டியோடு சில அறைகளைப் பார்க்கலாம். அதை வடிவமைத்த ஹென்றி இர்வின்தான் சென்னை உயர் நீதிமன்றக் கட்டடப் பணியிலும் ஈடுபட்டவர் என்று அக்கா சொன்னபோது, இந்தச் சாம்பல் நிறக் கல்லையும் அந்தச் செங்கல்லையும் ஒரே கை தொட்டது என்பதை நம்பச் சற்று நேரம் பிடித்தது.

ஜாக்கு மலையில் 108 அடி உயர ஆஞ்சநேயர் சிலை நிற்கிறது. அவருடைய பரிவாரமும் குறைவில்லாமல் இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் மான்களுக்கு வாழைப்பழம் கொடுத்துப் பழகிய அம்மா, அதே அன்போடு பையைத் திறந்தார். அடுத்த கணம் அவருடைய மூக்குக்கண்ணாடி மதிலின் மேலே ஒரு குரங்கின் கையில் இருந்தது. கடைக்காரர் ஒருவர் பொரிப் பொட்டலம் ஒன்றை வீசியதும் குரங்கு கண்ணாடியைக் கைவிட்டுப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டது. கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு ஏறுங்கள்.

சிம்லாவுக்கு அருகிலுள்ள குஃப்ரிக்குப் போன அரைநாள் வீணானது. பனி உருகிய சேற்றிலும் சாணத்திலும் மட்டக்குதிரைமேல் இருந்து போய், தொலைநோக்கிக்குக் காசு கொடுத்து, திரும்பி வருவதுதான் நிகழ்ச்சி. இந்திய உருளைக்கிழங்கு இனங்கள் பலவும் 'குஃப்ரி ஜோதி' என்பதுபோல இந்த ஊரின் பெயரைத் தாங்கியிருக்கின்றன என்பதொன்றே எனக்குச் சுவையான செய்தி.

அந்த அரைநாளையும் வெந்நீருக்குப் பெயர்போன தத்தாபானிக்கே கொடுத்திருக்கலாம். சிம்லாவிலிருந்து 50 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான மலைப்பாதையில், சத்லஜ் ஆற்றங்கரைக்கு இறங்கும்போது குளிரங்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற நேர்ந்தது. பெயருக்கே 'சுடுநீர்' என்றுதான் பொருள். பழைய ஊற்றுகள் கோல் அணையின் நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிட்டதால், இப்போது கரையில் கட்டிய தொட்டிகளில்தான் குளிக்க முடிகிறது. நீரில் கந்தக வாடை மூக்கைத் தொடுகிறது. எங்கள் ஊர்க் கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளிலும் வாளியால் அள்ளி ஊற்றிப் பழகிய அம்மா, தொட்டியின் விளிம்பில் குந்தியிருந்து விரலால் சூடு பார்த்து, "இது எங்கட ஏழில் எந்தக் கிணறுக்குச் சரி?" என்று கேட்டார். பிறகு காலை நனைத்தவர், முழங்கால்வரை இறங்கியவர், சாரதி வந்து கூப்பிடும்வரை எழும்பவில்லை. திரும்பும் வழியில் சாப்பிட்ட சித்து என்ற பண்டத்தையும் சொல்லியாக வேண்டும்: கோதுமை மாவைப் புளிக்கவைத்து, உள்ளே கசகசா அரைத்து வைத்து, ஆவியில் அவித்து, நெய்யில் தோய்த்துத் தருகிறார்கள். இனிப்பில்லாத கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளலாம். நெய்யில் மட்டும் கஞ்சத்தனம் கிடையாது.

ஊர் திரும்பியபின் முகவரிடம் போய், குஃப்ரியை நீக்கித் தத்தாபானிக்கு முழுநாள் ஒதுக்குமாறும், கல்காப் புகையிரதத்தை நிரலிலேயே சேர்க்குமாறும் சொன்னோம். இரண்டையும் கொப்பியில் குறித்துக்கொண்டார். ஹீட்டருக்காகக் கொடுத்த 1,500 ரூபாயைப் பற்றிப் பேச்செடுத்தபோது, எங்களுக்குத் தேநீர் வரவழைத்தார்.