ஃபோல்டருக்கு 777 அனுமதி போடச் சொல்லும் ஹோஸ்டிங்கை நம்பாதீர்கள்

எங்கள் வாசகர் வட்டத்தின் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், பழைய சிறுபத்திரிகைகளின் ஸ்கேன்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. போன வருஷம் வேறு ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தை வைக்க சர்வரில் இடம் தரும் நிறுவனத்துக்கு, மாறினோம். எஸ்எஸ்எச் (சர்வருக்குள் நுழைந்து கட்டளை போடும் வழி) உண்டா என்று போனில் இரண்டு முறை கேட்டேன், "எல்லாம் இருக்கு சார்" என்றார் விற்பனைப் பிரிவில் இருந்தவர். நம்பி மூன்று வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டேன்.

உள்ளே போய்ப் பார்த்தால் வெறும் எஃப்டிபி, ஃபைல்களை ஏற்றி இறக்கும் பழைய வழி. கேட்டதற்கு எஸ்எஸ்எச் மேல் பிளானில்தான் என்று ஒரு வரியில் பதில். எஸ்எஸ்எச் இல்லையென்றால், மாறிய ஃபைல்களை மட்டும் ஏற்றும் ஆர்சிங்க் அங்கே ஓடாது. சரி, எல்எஃப்டிபி என்ற எஃப்டிபி நிரலில், சர்வரில் இருப்பதை நம் கணினிக்கு நகலெடுக்கும் மிரர் கட்டளையைத் திருப்பிப் போட்டு ஏற்றலாம் என்று பார்த்தேன். அந்த சர்வர் ஃபைலின் பழைய தேதியை ஏற்கவில்லை, ஏற்றிய நேரத்தையே வைத்துக்கொண்டது. தேதி பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் எல்லா ஸ்கேனும் முதலிலிருந்து ஏறும். நேரத்தை விட்டுவிட்டு அளவை மட்டும் ஒப்பிடச் சொன்னால் வேறு சிக்கல்: தொடர்பு எண்ணில் ஒரு இலக்கத்தைத் திருத்தினேன், அளவு மாறாததால் அந்தப் பக்கம் ஏறவே இல்லை, பத்து நாள் தப்பான நம்பர்தான் தளத்தில் இருந்தது. கடைசியில் சர்வரில் உள்ளதைவிடப் புதியதை மட்டும் ஏற்று என்ற ஆப்ஷன் கைகொடுத்தது.

அதைவிட மோசம், தளம் வழியாக வாசகர்கள் ஏற்றும் படங்கள். தளத்தை இயக்கும் பிஎச்பி நிரல் என் கணக்கில் ஓடாமல் வெப் சர்வரின் பொதுக் கணக்கில் ஓடியது, அதனால் என் ஃபோல்டரில் அவை ஏறவே இல்லை. சப்போர்ட்டில் கேட்டால் ஃபோல்டருக்கு 777 கொடுங்கள் என்றார்கள். வேண்டாமே என்று எழுதினேன். வேறு வழியில்லை, எல்லாரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது. கொடுத்தேன். 777 என்றால் அந்த சர்வரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அங்கே எல்லார் பிஎச்பியும் அதே பொதுக் கணக்கில் ஓடுகிறது, ஆகப் பக்கத்துத் தளம் ஒன்று உடைந்தாலே நம் ஃபோல்டரும் திறந்த வீடுதான்.

மூன்றாவது மாதம், மொபைலில் வருகிறவர்களை எங்கள் தளம் சூதாட்டப் பக்கத்துக்குத் தள்ளுகிறது என்று ஒரு பெரியவர் போன் செய்தார். படங்கள் ஃபோல்டரில் ஜேபெக்குகளுக்கு நடுவே ஒரு பிஎச்பி ஃபைல் கிடந்தது, நான் ஏற்றாதது. அவர்களிடம் சொன்னேன். உங்கள் தளம் பாதுகாப்பாக இல்லை என்று சொல்லிக் கணக்கையே முடக்கிவிட்டார்கள், 777 கொடுக்கச் சொன்ன அவர்கள் மெயிலைக் காட்டியும் பணம் வரவில்லை.

ஸ்கேன்கள் வீட்டு ஹார்ட் டிஸ்கில் இருந்ததால் தப்பின. வாசகர்கள் ஏற்றிய படங்கள் போயே போய்விட்டன, அதுதான் இன்னும் ஆறவில்லை.

பணம் கட்டும் முன் இரண்டு கேள்விகளை மெயிலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்: இந்த பிளானிலேயே எஸ்எஸ்எச் உண்டா, பிஎச்பி என் கணக்கில் ஓடுமா பொதுக் கணக்கிலா. முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். ஏற்கெனவே 777 கொடுத்து வைத்திருப்பவர்கள் படங்கள் ஃபோல்டரில் பிஎச்பி ஃபைல் ஏதாவது கிடக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், அப்புறம் ஃபோல்டர்களை 755க்கும் ஃபைல்களை 644க்கும் (உரிமையாளர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம்) மாற்றுங்கள். மாற்றியதும் தளத்தில் படம் ஏறவில்லை என்றால் பிஎச்பி அங்கே பொதுக் கணக்கில்தான் ஓடுகிறது, வேறு இடம் தேட ஆரம்பித்துவிடுங்கள்.